பிள்ளையின் பதினேழு எண்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடங்களிலிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள், மேடையில் பேசக் கூச்சப்படாதவள். அதற்கு மேல் தகுதி எதுவும் தேவையில்லை போலும். 22-ஆம் தேதி தேசியக் கணித தினம். ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கும்பகோணம், நாமகிரித் தாயார், ஹார்டிக்குப் போட்ட கடிதம், 1729 என்று வரிசையாகச் சொல்லி முடித்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு பொன்னாடையும் கிடைக்கும். பல வருடம் அப்படித்தான் ஓடியது. ஒரு கட்டத்தில் அலுப்புத் தட்டியது. "இந்தத் தடவை எஸ்.எஸ். பிள்ளையைப் பற்றிப் பேசட்டுமா சார்?" என்று ஒரு தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவரும் கணிதம் படித்தவர்தான், நல்ல மனிதர். "யாரு மேடம் அவரு?" என்றார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரி, பசங்களுக்குச் சொல்ற மாதிரி இவர் வாழ்க்கையில என்ன இருக்கு?" சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்ததைச் சொன்னேன். அமெரிக்காவுக்குப் போகும் வழியில் விமானம் விழுந்து இறந்ததைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "அதைச் சொல்லுங்க மேடம். அது போதும். மனசுல நிக்கும்."

அந்த "அது போதும்" என்னை வெகுநாள் விடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பற்றித் தமிழில் கண்ணில் படுகிற துணுக்குகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கின்றன. விபத்தில் தொடங்கும், "மட்டும் உயிரோடு இருந்திருந்தால்" என்று முடியும். நடுவில் 'வாரிங் புதிர்' என்று ஒரு வார்த்தை வந்துபோகும். அது என்ன புதிர், இவர் அதில் என்ன செய்தார் என்பதைக் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். ஒரு மனிதர் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து போட்ட கணக்கை விட்டுவிட்டு, அவர் பயணியாக மட்டும் இருந்த ஒரு விமானத்தைப் பிடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கும் பிள்ளையின் கணிதத்தில் பெரும்பகுதியின் கேள்வியாவது ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குப் புரியும். விடைதான் உயிரை எடுக்கும்.

அந்தப் பள்ளியில் என்ன பேசினேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். அப்பா சுப்பய்யா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். பிறந்து ஒரு வருடத்தில் அம்மா போய்விட்டார். பள்ளியின் கடைசி வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். படிப்பு அதோடு நின்றிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்துப் படிக்க வைத்தார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அங்கே ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி என்று இரண்டு நல்ல ஆசிரியர்கள். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்துவிட்டு வந்தவர், ராமானுஜன் அங்கே இருந்த காலத்திலேயே இருந்தவர். 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேதான் இருந்தார். அப்புறம் ஒரு வருடம் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். அதன்பின் கல்கத்தா. அங்கே கணிதத் துறைக்குத் தலைமை வகித்தவர் லெவி, நாஜிகளால் ஜெர்மனியில் வேலையிழந்து வந்த யூதர்.

இதில் எங்கேயும் கனவில் தெய்வம் வந்து சூத்திரம் சொல்லவில்லை. வெள்ளைக்காரப் பேராசிரியர் கடிதத்தைப் பார்த்துத் திகைக்கவில்லை. ஆசிரியர் வேலை, கட்டுரை, மறுபடி ஆசிரியர் வேலை. சிதம்பரத்தில் கழித்த அந்தப் பன்னிரண்டு வருடத்தில்தான் அவருடைய சிறந்த வேலை எல்லாம் நடந்தது.

703-ஐ எழுதிப் பாருங்கள்

ஒரு விளையாட்டு. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதை வர்க்க எண்களின் கூட்டலாக எழுத வேண்டும். 1, 4, 9, 16 இவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். எவ்வளவு குறைவான எண்களைக் கொண்டு முடிக்கிறோம் என்பதுதான் போட்டி. 13 என்றால் 9-ம் 4-ம், இரண்டே போதும். 7 கொஞ்சம் படுத்தும்: 4, அப்புறம் மூன்று 1, ஆக நான்கு. எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் தேவைப்படாது என்று லாக்ராஞ்ச் 1770-இல் நிரூபித்தார். அதே வருடம் இங்கிலாந்தில் எட்வர்ட் வாரிங் தன் புத்தகத்தில் ஆதாரம் எதுவும் காட்டாமல் எழுதிவைத்தார்: கன எண்கள் என்றால் 9 போதும், நாலாம் அடுக்கு என்றால் 19 போதும், இப்படியே மேலே மேலே. ஒவ்வொரு அடுக்குக்கும் இப்படி ஒரு எல்லை நிச்சயம் இருக்கிறது என்பதை நிரூபிக்கவே 1909-இல் ஹில்பர்ட் வர வேண்டியிருந்தது. எல்லை இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, அது எந்த எண் என்பது அப்போதும் தெரியாது.

இப்போது ஆறாம் அடுக்குக்கு வருவோம். கையில் இருப்பவை 1, 64, 729, அதற்கு மேல் பெரிய எண்கள். 703-ஐ எழுத வேண்டும். 729 பெரிது, தொட முடியாது. எனவே 64-ம் 1-ம்தான். பதினொரு 64 எடுத்தால் 704, ஒன்று கூடிவிடுகிறது! அந்த ஒன்றினால் பதினோராவது 64 கையை விட்டுப் போகிறது. பத்து 64 எடுத்தால் 640, மீதி 63. அந்த 63-ஐயும் ஒவ்வொன்றாக 1-ஐப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் 73. ஆக, 73-க்குக் குறைவாக எல்லை இருக்க முடியாது. இதே தந்திரம்தான் கன எண்களில் 23 செய்வது: இரண்டு 8, ஏழு 1, ஆக 9. நாலாம் அடுக்கில் 79: நான்கு 16, பதினைந்து 1, ஆக 19. மூன்றின் அடுக்குக்கு எட்டாமலும், இரண்டின் அடுக்கின் மடங்குக்கு ஒன்று குறைவாகவும் நிற்கிற எண்தான் எப்போதும் படுத்துகிறது. இந்த வில்லனை ஆய்லரின் மகன் 1772 வாக்கிலேயே கண்டுகொண்டார். 64-உடன், 729-ஐ 64-ஆல் வகுத்தால் வரும் முழு எண் 11-ஐக் கூட்டி 2-ஐக் கழித்தால் 73. நாலாம் அடுக்குக்கு 16-உடன் 5-ஐக் கூட்டி 2-ஐக் கழித்தால் 19. எல்லா அடுக்குக்கும் இதே கணக்குதான் என்று பலரும் நம்பினார்கள்.

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. 703-க்கு 73 வேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்ணெதிரே செய்துகாட்டினாள். ஆனால் 703-ஐவிடக் கெட்ட எண் கோடானுகோடி எண்களில் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? இங்கேதான் 'வட்ட முறை' வருகிறது. அதன் விதை ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது, ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரித்து எழுதலாம் என்பதைப் பற்றியது அது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை வாரிங் புதிருக்குக் கொண்டுவந்தார்கள், ரஷ்யாவின் வினோகிராதவ் 1930-களின் நடுவில் கூர்தீட்டினார். இந்த முறை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எல்லா எண்களையும் ஒரே வீச்சில் கவனித்துக்கொள்ளும். கஷ்டம் என்னவென்றால், அந்தக் 'குறிப்பிட்ட அளவு' கற்பனைக்கு எட்டாத பெரிய எண்ணாக இருக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றை வேறு வழியில், படிப்படியாகக் கையால் கட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டும். மேலிருந்து வருவதும் கீழிருந்து ஏறுவதும் சந்தித்தால்தான் நிரூபணம். நடுவில் இடைவெளி விழுந்தால் அவ்வளவும் வீண்.

1936-இல் பிள்ளை ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ள எல்லா அடுக்குகளுக்கும் இரண்டையும் சந்திக்க வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் மூன்றின் அடுக்கை இரண்டின் அடுக்கால் வகுத்தால் வரும் மீதி மிகப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது. அந்த நிபந்தனை மீறப்படுகிற ஓர் அடுக்கைக்கூட இதுவரை யாரும் பார்த்ததில்லை. கணினி வைத்து 47 கோடியே 16 லட்சம் வரை பார்த்துவிட்டார்கள். மீறல் இருந்தாலும் எண்ணி முடித்துவிடக்கூடிய அளவுதான் இருக்கும் என்று 1957-இல் மாலர் நிரூபித்தார்.

சிதம்பரமும் சிகாகோவும்

அதே 1936-இல், ஏறக்குறைய அதே முடிவை அமெரிக்காவில் லியனார்ட் டிக்சனும் வெளியிட்டார். எண் கோட்பாட்டின் வரலாற்றையே மூன்று பெரிய தொகுதிகளாக எழுதியவர். சிகாகோ பல்கலைக்கழகம், சுற்றிலும் மாணவர் பட்டாளம். டிக்சனின் கட்டுரை அமெரிக்கக் கணித இதழில் வந்தது. பிள்ளையின் கட்டுரைகளில் ஒன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில் வந்தது. தொடங்கிச் சில வருடமே ஆன பல்கலைக்கழகத்தின் இதழ். அதை சிகாகோவில் யார் பிரித்துப் படித்திருப்பார்கள்? இருவரும் ஒருவரை ஒருவர் சாராமல் கண்டார்கள் என்பதை இன்று உலகம் ஒப்புக்கொள்கிறது. அந்தத் துறைப் புத்தகங்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன.

யார் முந்தி என்ற சண்டையை நம் ஆட்கள் சிலர் ஆவேசமாகப் போடுவார்கள். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது வேறொன்று. வினோகிராதவின் புதிய முறை அச்சில் வந்து ஒன்றிரண்டு வருடம்கூட ஆகவில்லை. இணையமா, நகல் இயந்திரமா, ஒன்றும் கிடையாது. இதழ்கள் கப்பலில் வர வேண்டும். அப்படி வந்ததைப் படித்து, புரிந்துகொண்டு, அதிலுள்ள மதிப்பீடுகளைத் தன் தேவைக்கு இறுக்கி, 1936-க்குள் முடிவை எழுதியும் விட்டார், அதுவும் நாள்தோறும் வகுப்பு எடுத்துக்கொண்டே. இன்றைக்கு ஒரு கட்டுரை நொடியில் கைக்கு வந்துவிடுகிறது, படித்து முடிக்க எனக்கு ஒரு பருவம் போதவில்லை.

இந்த வேலையை, ராமானுஜனுக்குப் பிறகு இந்தியக் கணிதத்தில் நடந்த மிகச் சிறந்த சாதனைகளில் ஒன்று என்று கணிதவியலாளர் கே. சந்திரசேகரன் மதிப்பிட்டார். சந்திரசேகரன் லேசில் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

ஏழுக்கு மேலே முடிந்தது, சரி. ஆறு? அடுக்கு சிறியதாகச் சிறியதாக வட்ட முறை பலமிழந்துவிடும். பெரிய அடுக்குகள் சுலபம், சின்ன அடுக்குகள் கஷ்டம் என்கிற இந்தத் தலைகீழ் வழக்கம் மாணவர்களுக்கு எப்போதும் அதிர்ச்சி கொடுக்கும். ஆறை டிக்சனின் முறையாலும் தொட முடியவில்லை. 1940-இல் பிள்ளை முடித்தார். இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வந்த கட்டுரை, மொத்தம் பதினொரு பக்கம். 703-க்கு வேண்டிய அந்த 73, எல்லா எண்களுக்கும் போதும். இதில் பங்குக்கு வர வேறு யாரும் இல்லை, முழுக்க அவருடையது. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதை 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் காட்டினார். கடைசியாக நின்றது நாலாம் அடுக்கு. வாரிங் 1770-லேயே எழுதிவைத்த 19-ஐ நிரூபிக்க 1986 வரை ஆனது. அதைச் செய்த மூவரில் ஒருவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன். மற்ற இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். பிள்ளையின் கட்டுரைகளை எல்லாம் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர்களிலும் பாலசுப்பிரமணியன் உண்டு.

ராமானுஜனையும் பிள்ளையையும் தராசில் வைத்துப் பார்க்கிற ஆசை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. வட்ட முறையின் வழி தெரிந்த பிறகு அது போய்விட்டது. ராமானுஜன் தொடங்கிய கருவி எங்கெங்கோ சுற்றி சிதம்பரத்துக்கு வந்து, அங்கே ஒரு வேலையை முடித்து, அப்புறம் இன்னொரு தமிழர் கைக்குப் போயிருக்கிறது. நாமகிரித் தாயாரைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற மேடையில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

தனியாள்

இப்போது அந்தப் பள்ளி. தலைமையாசிரியர் விபத்தை எதிர்பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு வேண்டாம், கரும்பலகை கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். 703 விளையாட்டு நன்றாகவே போனது. ஆனால் அன்றைக்கு என் எண்ணத்தையே திருப்பியது அதற்கு அடுத்ததாகக் கொடுத்த கணக்கு. பிள்ளை அதே 1940-இல் வெளியிட்ட இன்னொரு முடிவு அது.

அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் மற்ற எவரோடும் பொதுக் காரணி இல்லாத எண் (1-ஐக் கணக்கில் சேர்க்க வேண்டாம்) ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதற்குத் 'தனியாள்' என்று பெயர் வைத்தோம். 8, 9, 10 என்றால் 9 தனியாள். 24-இலிருந்து 28 வரை எடுத்தால் 25 தனியாள். நீளமான வரிசை எழுதி, தனியாள் இல்லாமல் செய்துவிட முடியுமா? இதுதான் சவால். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான்: "மிஸ், பெரிய பகா எண் வந்தா அது தனியாள்தான். அப்ப பகா எண் வராத இடமாப் பார்க்கணும்." நல்ல யோசனை. தேடி, 113-க்கும் 127-க்கும் நடுவில் பகா எண்ணே இல்லை என்று பிடித்தார்கள். 114 முதல் 126 வரை, பதின்மூன்று எண்கள். பலகையில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்கள். 115-க்கு 120 இருக்கிறது, 119-க்கு 126 இருக்கிறது, 117-க்கு 3-இன் மடங்குகள் எல்லாம் துணை. வகுப்பே ஜெயித்துவிட்டதாகக் கத்தியது. கடைசியில் 121 மாட்டிக்கொண்டது. பதினொன்றின் வர்க்கம். அதற்கு முந்தைய பதினொன்றின் மடங்கு 110, பிந்தையது 132, இரண்டும் வரிசைக்கு வெளியே. 121 தனியாள்.

பதினாறு எண்கள் வரை எந்த இடத்தில் வரிசையைத் தொடங்கினாலும் தனியாள் இருந்தே தீரும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழில் அது உடைகிறது. உடைகிற இடத்தை எழுதிக் காட்டினேன்: 2184 முதல் 2200 வரை. இரட்டை எண்கள் ஒன்றுக்கொன்று துணை, விட்டுவிடலாம். ஒற்றை எண்கள் எட்டு. 2185, 2195 இரண்டும் ஐந்தின் மடங்கு. 2187, 2193, 2199 மூன்றின் மடங்கு. 2191 என்பது 7 பெருக்கல் 313, அதற்கு 2184 துணை. 2189-இல் நின்றுவிட்டார்கள். 11 பெருக்கல் 199. யாரோடு சேர்ப்பது? ஒருத்தி எழுந்து வந்து கடைசி எண்ணைச் சுட்டினாள். 2200, 11-ஆல் வகுபடும். மிச்சம் 2197. அது 13-இன் கனம், 13-ஐத் தவிர வேறு பகாக் காரணியே கிடையாது. அதற்குத் துணை சரியாக பதின்மூன்று எண்கள் முன்னால், வரிசையின் முதல் எண்ணாக நிற்கிறது, 2184. இரண்டு முனையிலும் உள்ள எண்கள் தலைக்கு ஒரு வேலையோடு நிற்கின்றன. ஓர் எண்ணைக் குறைத்தால் ஏதாவது ஒன்று அநாதையாகிவிடும்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்: "கம்ப்யூட்டர் இல்லாம ரெண்டாயிரம் வரைக்கும் ஒவ்வொண்ணாவா பார்த்தாரு மிஸ்?"

நான் தயார் செய்துகொண்டு போனதில் இதற்கு ஒரு வரி விடைதான் இருந்தது. 'சீன மீதித் தேற்றம்' என்று சொல்லிக் கடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பலகையைத் துடைத்துவிட்டுப் பதினேழு காலிக் கட்டங்கள் போட்டேன். எண்களை மறந்துவிடுங்கள், எந்தக் கட்டத்தில் எந்தப் பகா எண் உட்கார வேண்டும் என்று மட்டும் பாருங்கள் என்றேன். ஒரு பகா எண் குறைந்தது இரண்டு கட்டத்திலாவது வந்தால்தான் அதனால் பயன். முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் உள்ள தூரமே 16, எனவே 17-உம் அதற்கு மேற்பட்டவையும் இங்கே உதவாது. நமக்கு இருப்பது 2, 3, 5, 7, 11, 13 மட்டும். 13-ஐ 1, 14 கட்டங்களில் வைத்தோம். 11-ஐ 6, 17-இல். 7-ஐ 1, 8, 15-இல். 5-ஐ 2, 7, 12, 17-இல். 3-ஐ முதல் கட்டத்திலிருந்து மூன்று மூன்றாக, 2-ஐ முதல் கட்டத்திலிருந்து இரண்டு இரண்டாக. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றுகூடத் தனியாக இல்லை.

இனி எண்ணைத் தேட வேண்டியதே இல்லை, கட்டங்களே சொல்லிவிடும். முதல் எண் 2, 3, 7, 13 நான்காலும் வகுபட வேண்டும், அதாவது 546-இன் மடங்கு. இரண்டாவது எண் ஐந்தால் வகுபட வேண்டும். ஆறாவது எண் பதினொன்றால். பிள்ளைகள் 546-இன் மடங்குகளை எழுதத் தொடங்கினார்கள். 546-க்கு அடுத்தது 547, ஆகாது. 1092-க்கு அடுத்தது 1093, ஆகாது. 1638-க்கு 1639, ஆகாது. 2184-க்கு 2185, ஐந்தால் வகுபடுகிறது! ஆறாவது எண் 2189, பதினொன்றால் வகுபடுகிறது! நாலாவது மடங்கிலேயே கிடைத்துவிட்டது. ஆறு பகா எண்களையும் பெருக்கினால் 30030, அதைக் கூட்டிக்கொண்டே போனால் 32214-இல் இதே அமைப்புள்ள அடுத்த வரிசை தொடங்கும், இப்படி முடிவில்லாமல். பிள்ளை தன் தாளில் எந்த வரிசையில் எழுதினாரோ, இது நாங்கள் பலகையில் போன வழி. ஆனால் ஒரு ஒன்பதாம் வகுப்பு, ஆராய்ச்சி இதழில் வந்த ஒரு எண்ணைத் தன் கையால் செய்து எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்கு விபத்தைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. மணியும் அடித்துவிட்டது. தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்தும்போது, "கடைசி வரைக்கும் அவர் எப்படிச் செத்தாருன்னு சொல்லலையே மேடம்" என்றார்.

இப்படி ஒரு கேள்விக்கு என்ன உபயோகம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் வர்க்கமோ கனமோ வேறு முழு அடுக்கோ வருமா என்பது பழைய சந்தேகம். வரிசையில் தனியாள் ஒருவர் இருந்தால், பெருக்கல் பலன் முழு அடுக்காக இருக்கும் பட்சத்தில் அந்தத் தனியாளும் முழு அடுக்காக இருந்தாக வேண்டும். அது ஒரு பெரிய பிடி. 1975-இல் எர்டோஷும் செல்ஃப்ரிட்ஜும் 'ஒருபோதும் வராது' என்று அந்தச் சந்தேகத்தை முழுசாகத் தீர்த்தார்கள்.

இருந்திருந்தால்

சரி, விபத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950-இல் பிரின்ஸ்டனின் உயராய்வு நிறுவனம் ஒரு வருடத்துக்கு அவரை அழைத்திருந்தது. அதோடு ஹார்வர்டில் உலகக் கணிதவியலாளர் மாநாடு, ஆகஸ்ட் 30-இல் தொடக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொள்வதாக ஏற்பாடு. பம்பாயிலிருந்து வந்த டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சினில் தீப்பிடித்து, ஆகஸ்ட் 31 அதிகாலையில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது 49. அதே விமானத்தில் சண்டிகர் நகரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த போலந்துக்காரர் மத்தேயு நொவிட்ஸ்கி இருந்தார். எகிப்தின் புகழ்பெற்ற நடிகை கமேலியாவும் இருந்தார். நொவிட்ஸ்கி இறந்ததால்தான் சண்டிகர் லெ கொர்பூசியே கைக்குப் போனது. அந்த நகரத்தைப் பார்க்கிறவர்கள் 'அவர் இருந்திருந்தால் இது எப்படி இருந்திருக்கும்' என்று கேட்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது, வரைபடம் பாதியில் நின்றது. பிள்ளை விஷயத்தில் இந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? பிரின்ஸ்டனில் என்ன செய்திருப்பார் என்பதற்கு எந்த வரைபடமும் இல்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டுப் போன ஒரு கேள்வி இருக்கிறது.

வர்க்கம், கனம், நாலாம் அடுக்கு என்று எல்லா முழு அடுக்கு எண்களையும் ஒரே வரிசையாக எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128. அடுத்தடுத்து நிற்பவற்றின் இடைவெளியைப் பாருங்கள். பொதுவாகக் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் திடீர் திடீரென்று நெருங்கியும் விடுகிறது. 8-க்கும் 9-க்கும் ஒன்று. 25-க்கும் 27-க்கும் இரண்டு. 125-க்கும் 128-க்கும் மூன்று. எந்த இடைவெளியை எடுத்தாலும் அது எண்ணி முடிக்கக்கூடிய தடவைகள்தான் வரும், அப்புறம் வரவே வராது என்பது பிள்ளையின் ஊகம். 1931-இலேயே இதன் ஒரு பகுதியை, அடியெண்கள் இரண்டையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் உண்மை என்று நிரூபித்தார். கல்கத்தாவில் இருந்தபோது 1945-இல் எழுதிய கட்டுரையில் முழு ஊகமும் இருக்கிறது. போரும் பஞ்சமுமாக அந்த ஊருக்கு எப்பேர்ப்பட்ட காலம் அது என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் கட்டுரையில் அதன் சுவடே இல்லாதது விநோதமாக இருக்கும்.

இடைவெளி ஒன்றுக்கான கேள்வியைக் கேட்டலான் 1844-இல் கேட்டார். 8, 9 தவிர வேறு ஜோடி இல்லை என்று மிஹைலெஸ்கு 2002-இல் நிரூபித்தார், 158 வருடம் கழித்து. இரண்டுக்கு 25, 27 தவிர வேறு ஜோடி யாருக்கும் தெரியாது, இல்லை என்று நிரூபிக்கவும் முடியவில்லை. எண்ணி முடிக்கக்கூடியதா என்பதே தெரியாது. ஆறுக்கு ஒரு ஜோடிகூட இதுவரை அகப்படவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் இதைப் பலகையில் எழுதிவிட்டு வருகிறேன். போன தடவை ஒரு பையன் ஆறைக் கண்டுபிடித்துவிட்டதாக அவன் ஆசிரியர் மூலம் தகவல் அனுப்பியிருந்தான். 16-இலிருந்து 10-ஐக் கழித்திருக்கிறான். 10 எந்த எண்ணின் அடுக்கு என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.